மீன் எண்ணெய் மாத்திரை: விளையாட்டு வீரருக்குத் தேவை எவ்வளவு, எல்லை எது?

உடற்பயிற்சிக் கூடங்களிலும் விளையாட்டு விடுதிகளிலும் புரோட்டீன் பவுடர் டப்பாவுக்குப் பக்கத்தில் தவறாமல் இடம்பிடிக்கும் பொருளாக மீன் எண்ணெய் மாத்திரை மாறிவிட்டது. மூட்டு வலி குறையும், தசை விரைவில் தேறும், மூச்சு நீடிக்கும், இதயம் வலுப்படும் என்று அதன்மீது ஏற்றப்படும் நம்பிக்கைகள் பல. ஆனால் அந்த மஞ்சள் நிற உறைக்குள் இருப்பது ஊக்கப் பொருளோ வலி நிவாரணியோ அல்ல. மீனின் உடலிலிருந்து பிரித்தெடுத்துச் சுத்திகரிக்கப்பட்ட கொழுப்பு மட்டுமே. கொழுப்பு என்ற முறையில் அது உணவின் வேலையைச் செய்கிறது. உடலில் குறைவாக இருப்பவருக்கு அந்தக் குறையை மெதுவாக நிரப்புகிறது, ஏற்கெனவே நிறைவாக இருப்பவருக்குப் பெரிதாக எதையும் கூட்டுவதில்லை. இந்த அடிப்படை உண்மை விளங்கிவிட்டால், எவ்வளவு எடுப்பது, எப்போது எடுப்பது, யார் எடுக்கக் கூடாது என்ற கேள்விகளுக்கான விடைகள் பெரும்பாலும் அதிலிருந்தே கிடைத்துவிடுகின்றன.

மீன் எண்ணெயின் மதிப்பு ஒமேகா-3 வகையைச் சேர்ந்த இரண்டு நீண்ட கொழுப்பு அமிலங்களைச் சார்ந்தது. 20 கார்பன் அணுக்களும் 5 இரட்டைப் பிணைப்புகளும் கொண்ட ஐகோசாபென்டனோயிக் அமிலம் இ.பி.ஏ. என்றும், 22 கார்பன் அணுக்களும் 6 இரட்டைப் பிணைப்புகளும் கொண்ட டோகோசாஹெக்சனோயிக் அமிலம் டி.எச்.ஏ. என்றும் சுருக்கி அழைக்கப்படுகின்றன. ஆளி விதையிலும் அக்ரூட்டிலும் உள்ள ஒமேகா-3, ஏ.எல்.ஏ. எனப்படும் குட்டையான வடிவம். மனித உடல் அதில் மிகச் சிறு பகுதியை மட்டுமே இ.பி.ஏ.வாக மாற்றுகிறது, டி.எச்.ஏ.வாக மாறுவது அதனினும் குறைவு. மீனும் இவற்றைத் தானாக உருவாக்கிக்கொள்வதில்லை. கடலின் நுண்பாசிகள் உருவாக்குவது, அவற்றைத் தின்னும் சிற்றுயிர்கள் வழியாக மத்திக்கும் நெத்திலிக்கும் வந்து சேர்கிறது.

உடலுக்குள் சென்ற இந்த அமிலங்கள் ஒவ்வொரு செல்லையும் சுற்றியிருக்கும் மெல்லிய சவ்வில் இடம்பெறுகின்றன. அதே இடத்துக்குப் போட்டியிடுவது ஒமேகா-6 வகையைச் சேர்ந்த அராகிடோனிக் அமிலம். தசை நார் கிழியும்போதோ கணுக்கால் சுளுக்கும்போதோ செல்கள் சவ்விலிருந்து இக்கொழுப்பு அமிலங்களை உருவி, வீக்கத்தையும் வலியையும் தூண்டும் சமிக்ஞைப் பொருள்களைத் தயாரிக்கின்றன. அராகிடோனிக் அமிலத்திலிருந்து வரும் சமிக்ஞைகள் வலுவானவை, இ.பி.ஏ.விலிருந்து வருபவை பெரும்பாலும் மென்மையானவை. அத்துடன், வீக்கத்தை உரிய நேரத்தில் முடித்துவைக்கும் ரிசால்வின் என்ற பொருள்களும் இ.பி.ஏ., டி.எச்.ஏ. இரண்டிலிருந்தும் உருவாகின்றன. இங்கே காலம் முக்கியமானது. இபுப்ரோஃபென் போன்ற வலி நிவாரணி ஒரு மணி நேரத்துக்குள் நொதியைத் தடுத்து வேலை செய்கிறது. மீன் எண்ணெயோ சவ்வின் சேர்மானத்தையே மாற்ற வேண்டியிருப்பதால் வாரக்கணக்கில் அவகாசம் எடுக்கிறது. இரத்தச் சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள் என்பதால், அன்றாடம் ஒரே அளவு எடுத்துக்கொண்டாலும் இரத்தத்தில் நிலையான அளவு எட்டுவதற்கு மூன்று நான்கு மாதங்கள் ஆகின்றன. போட்டிக்கு முந்தைய வாரம் வாங்கி விழுங்கப்படும் மாத்திரை அந்தப் போட்டிக்கு உதவப்போவதில்லை. வயிற்றைக் கலக்காமல் இருந்தாலே போதும்.

ஈரல் எண்ணெய் வேறு, உடல் எண்ணெய் வேறு

கடைகளில் மீன் எண்ணெய் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறுபட்ட பொருள்கள் விற்கப்படுவதால் இந்த வேறுபாட்டை முதலில் தெளிவுபடுத்துவது அவசியமாகிறது. பல குடும்பங்களில் குழந்தைகளுக்குத் தலைமுறைகளாகக் கொடுக்கப்பட்டுவரும் காட் மீன் எண்ணெய், மீனின் ஈரலிலிருந்து எடுக்கப்படுவது. அதன் புகழுக்குக் காரணம் வைட்டமின் ஏ, வைட்டமின் டி ஆகிய இரண்டும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஐரோப்பாவிலிருந்து காட் எண்ணெய் வரத்து தடைபட்டபோது, அன்றைய சென்னை மாகாணத்தின் மீன்வளத் துறை கோழிக்கோட்டில் சுறா ஈரல் எண்ணெயைத் தயாரித்து வழங்கியதும் அந்த வைட்டமின்களுக்காகத்தான், ஒமேகா-3க்காக அல்ல. இன்று விளையாட்டு வீரர்கள் தேடும் ஒமேகா-3 மாத்திரைகளோ பெரும்பாலும் பெரு நாட்டுக் கடலில் பிடிக்கப்படும் அஞ்சோவெட்டா என்ற நெத்திலி வகை மீன்களின் முழு உடலிலிருந்து எடுக்கப்படும் எண்ணெயால் ஆனவை.

ஒமேகா-3க்காக ஈரல் எண்ணெயின் அளவைக் கூட்டிக்கொண்டே போகிறவர் அறியாமலேயே வைட்டமின் ஏ நஞ்சுக்கு அருகில் செல்கிறார் என்பதால் இந்தக் குழப்பம் ஆபத்தானது. வளர்ந்த ஒருவருக்கு வைட்டமின் ஏ-யின் அன்றாட உச்ச வரம்பு 3000 மைக்ரோகிராம். வைட்டமின் குறைக்கப்படாத காட் எண்ணெயில் ஒரு மேசைக்கரண்டியே அந்த வரம்பைத் தாண்டிவிடும். தண்ணீரில் கரையும் வைட்டமின்களைப் போல இது சிறுநீருடன் வெளியேறிவிடுவதில்லை. ஈரலில் சேர்ந்து தலைவலி, தோல் வறட்சி, ஈரல் பாதிப்பு, எலும்பு பலவீனம் ஆகியவற்றை உண்டாக்கக் கூடும். கருவுற்ற, கருவுற வாய்ப்புள்ள வீராங்கனைகளுக்கு அதிக வைட்டமின் ஏ கருவின் வளர்ச்சியையே பாதிக்கும். ஒமேகா-3 வேண்டுவோர் புட்டியில் ‘காட் லிவர்’ என்று எழுதியிருந்தால் அதைத் திரும்ப வைத்துவிடுவதே முறை.

களத்தில் கிடைத்த சான்றுகள்

1970களின் தொடக்கத்தில் டென்மார்க்கின் ஹான்ஸ் ஓலாஃப் பாங், யோர்ன் டையர்பெர்க் ஆகிய இரு ஆய்வாளர்கள் கிரீன்லாந்தின் இனுயிட் மக்களிடம் நடத்திய இரத்தப் பரிசோதனைகளிலிருந்து தொடங்கிய ஒமேகா-3 ஆர்வம், முதலில் இதய நோயைச் சுற்றியே வளர்ந்தது. விளையாட்டுத் துறைக்கு அது பின்னர்தான் வந்தது. வீரர்களிடம் ஒமேகா-3 உண்மையிலேயே குறைவாக இருக்கிறதா என்பதே முதலில் தெரிய வேண்டிய செய்தி. சிவப்பணுச் சவ்வின் கொழுப்பு அமிலங்களில் இ.பி.ஏ.வும் டி.எச்.ஏ.வும் சேர்ந்து எத்தனை விழுக்காடு என்பதைக் காட்டும் ஒமேகா-3 குறியீட்டை 2004இல் வில்லியம் ஹாரிஸ், கிளெமென்ஸ் ஃபான் ஷாக்கி இருவரும் முன்வைத்தனர். 8 விழுக்காட்டுக்கு மேல் நிறைவு, 4க்குக் கீழ் குறைவு என்பது அதன் அளவுகோல். 2019இல் வெளியான ஆய்வொன்றில் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து வீரர்கள் 404 பேரைச் சோதித்தபோது 8 விழுக்காட்டை எட்டியவர் ஒருவர்கூட இல்லை. மூவரில் ஒருவர் 4க்கும் கீழே இருந்தார். பயிற்சியும் உணவும் நிபுணர்களால் திட்டமிடப்படும் சூழலிலேயே நிலை இதுவென்றால், விடுதிச் சோற்றையும் கோழியையும் மட்டுமே நம்பியிருக்கும் வீரர்களின் நிலையை ஊகிப்பது கடினமல்ல.

குறை இருப்பது ஒன்று, அதை நிரப்பினால் ஆட்டம் மேம்படுவது வேறொன்று. பயிற்சி பெற்ற ஆண் சைக்கிள் வீரர்களுக்கு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் நாளொன்றுக்கு 8 கிராம் மீன் எண்ணெய் வீதம் எட்டு வாரம் கொடுத்துப் பார்த்தபோது, உழைப்பின்போது இதயத் துடிப்பும் ஆக்சிஜன் செலவும் குறைந்தன. ஆனால் களைத்து நிறுத்தும் வரை அவர்கள் ஓட்டிய நேரம் நீளவில்லை. 2008இல் வெளியான இந்த முடிவு மீன் எண்ணெயின் குணத்தை நன்கு காட்டுகிறது: உடலுக்குள் மாற்றம் நிகழ்கிறது, ஆனால் அது வெற்றி நேரமாக மாறும் என்பதற்கு உறுதி இல்லை. தசைப் பருமனைக் கூட்டும் என்ற விளம்பரத்துக்கு இளம் வயதினரிடம் போதிய ஆதாரம் இல்லை. தீவிரப் பயிற்சிக்கு மறுநாள் வரும் தசை வலி சற்றுக் குறைவதாகப் பல ஆய்வுகள் சொன்னாலும் அந்தக் குறைவு சிறியது, எல்லா ஆய்விலும் தென்படுவதும் இல்லை.

கவனத்துக்குரிய பயன்கள் வேறு இடங்களில் இருக்கின்றன. கால் முட்டிக்குக் கட்டுப் போட்டு இரண்டு வாரம் அசைவின்றி வைக்கப்பட்ட இளம் பெண்களில், முன்கூட்டியே நான்கு வாரமாக நாளுக்கு 5 கிராம் ஒமேகா-3 எடுத்துவந்தவர்களுக்குத் தசை இழப்பு குறைவாக இருந்தது என்று 2019இல் கனடாவிலிருந்து வந்த ஆய்வு கூறுகிறது. அதில் பங்கேற்றவர்கள் இருபது பேர் மட்டுமே என்றாலும், காயத்தால் மாதக்கணக்கில் உட்கார நேரும் வீரர்களுக்கு இது பொருட்படுத்தத்தக்க செய்தி. கடும் பயிற்சியின்போது மூச்சுக் குழாய் சுருங்கி இளைப்பு வரும் முன்னணி வீரர்களுக்கு மூன்று வாரம் உயர் அளவு மீன் எண்ணெய் கொடுத்தபோது அந்தச் சுருக்கம் தணிந்ததை அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003இல் பதிவுசெய்தனர். தலையில் தொடர்ந்து அடிபடும் ஆட்டங்களில் டி.எச்.ஏ. மூளை நரம்பைக் காக்குமா என்ற ஆய்வு தொடக்க நிலையில்தான் இருக்கிறது. மாத்திரையை நம்பித் தலைக்கவசத்தையும் ஓய்வையும் அலட்சியப்படுத்துவதற்கு அதில் எந்த இடமும் இல்லை.

புட்டியின் பின்பக்கம்

வாங்குபவர் பெரும்பாலும் பார்ப்பது புட்டியின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் உள்ள 1000 மில்லிகிராம் என்ற எண்ணை. அது எண்ணெயின் எடை, ஒமேகா-3யின் எடை அல்ல. சாதாரண 1000 மில்லிகிராம் மாத்திரையில் இ.பி.ஏ. 180, டி.எச்.ஏ. 120, ஆக 300 மில்லிகிராம் மட்டுமே பயனுள்ள பகுதி. மீதி 700 மற்றக் கொழுப்புகள். செறிவூட்டப்பட்ட மாத்திரைகளில் இதே எடைக்கு 500, 600 மில்லிகிராமோ அதற்கு மேலோ கிடைக்கும். நாளுக்கு 1500 மில்லிகிராம் வேண்டும் என்று ஊட்டச்சத்து நிபுணர் சொன்னால் முதல் வகையில் ஐந்து மாத்திரையும் இரண்டாம் வகையில் மூன்றோ அதற்குக் குறைவாகவோ தேவைப்படும். எனவே புட்டியின் விலையை ஒப்பிடாமல், ஒரு கிராம் இ.பி.ஏ., டி.எச்.ஏ. எவ்வளவுக்குக் கிடைக்கிறது என்று கணக்கிட்டு வாங்குவதே சரி. பின்பக்க அட்டவணையில் உள்ள எண்கள் ஒரு மாத்திரைக்கா, ஒரு வேளைக்கான இரண்டு மாத்திரைக்கா என்பதையும் பார்க்க வேண்டும். பலர் ஏமாறுவது இங்கேதான்.

அட்டவணைக்கு அருகில் சிறிய எழுத்தில் டிரைகிளிசரைடு அல்லது எத்தில் எஸ்டர் என்று குறிக்கப்பட்டிருக்கலாம். முதலாவது மீனில் இயல்பாக உள்ள வடிவம். இரண்டாவது, செறிவூட்டும் பணியில் ஆல்கஹாலுடன் பிணைக்கப்பட்ட வடிவம். எத்தில் எஸ்டர் தீங்கானது அல்ல, ஆனால் வெறும் வயிற்றில் அது சரியாக உறிஞ்சப்படுவதில்லை. கொழுப்பு குறைந்த உணவுடன் எடுத்தபோது ஐந்தில் ஒரு பங்களவே உறிஞ்சப்பட்ட எத்தில் எஸ்டர் வடிவ இ.பி.ஏ., கொழுப்பு மிகுந்த உணவுடன் எடுத்தபோது ஏறத்தாழ மூன்று மடங்கு உறிஞ்சப்பட்டதை 1988ஆம் ஆண்டு ஆய்வொன்று காட்டியது. அதிகாலையில் பயிற்சிக்குக் கிளம்பும் முன் வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்கும் பழக்கத்தால் பணமும் வீணாகிறது, ஓட்டத்தின் நடுவில் மீன் வாடையுடன் ஏப்பமும் வருகிறது. முட்டையோ தேங்காய்ச் சட்னியோ மீன் குழம்போ உள்ள முக்கிய உணவின் நடுவில், அளவு அதிகமென்றால் இரண்டு வேளையாகப் பிரித்து எடுப்பதே பொருந்தும்.

எண்ணெய் கெட்டுப்போவது இவை எல்லாவற்றையும்விடக் குறைவாகப் பேசப்படும் சிக்கல். இரட்டைப் பிணைப்புகள் அதிகமுள்ள எண்ணெய் காற்று, வெளிச்சம், வெப்பம் ஆகியவற்றால் விரைவில் ஆக்சிஜனேற்றம் அடைந்து சிக்கு வாடை வீசத் தொடங்குகிறது. இதை அளக்கப் பெராக்சைடு எண், அனிசிடின் எண் என்று இரண்டு சோதனைகள் உள்ளன. தொழில்துறை ஏற்றுக்கொண்ட வரம்பு முதலாவதற்கு 5, இரண்டாவதற்கு 20, இரண்டையும் சேர்த்துக் கணிக்கும் மொத்த எண்ணுக்கு 26. நியூசிலாந்தில் விற்கப்பட்ட 32 தயாரிப்புகளைச் சோதித்து 2015இல் வெளியிடப்பட்ட ஆய்வு, பெரும்பாலானவை பெராக்சைடு வரம்பைத் தாண்டியிருந்ததாகவும், லேபிளில் எழுதிய அளவு ஒமேகா-3 மூன்றில் மட்டுமே இருந்ததாகவும் கூறியது. பின்னர் வந்த வேறு சோதனைகள் இவ்வளவு மோசமான நிலையைக் காணவில்லை என்றாலும், தயாரிப்புக்குத் தயாரிப்பு தரம் மாறுகிறது என்பதை யாரும் மறுக்கவில்லை.

வீட்டிலேயே செய்யக் கூடிய சோதனை ஒன்று உண்டு. புதிதாகத் திறந்த புட்டியிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து, கத்திரியால் நுனியை வெட்டி, எண்ணெயைக் கரண்டியில் பிழிந்து முகர்ந்து பார்த்தால் போதும். நல்ல எண்ணெயில் இலேசான மீன் வாசனை இருக்கும். கெட்டதில் பழைய பெயின்ட் டப்பாவைத் திறந்தது போன்ற காரல் நெடி மூக்கில் ஏறும், நாக்கில் பட்டால் கசப்பு தங்கும். எலுமிச்சை, ஆரஞ்சு மணம் சேர்த்த மாத்திரைகளில் அந்த நெடி மறைந்துவிடுவதால், மணமூட்டப்படாததை வாங்குவது பாதுகாப்பு. சித்திரை வைகாசி வெயிலில் வண்டிப் பெட்டியிலும் விளையாட்டுப் பையிலும் நாள் முழுக்கக் கிடக்கும் புட்டி காலாவதி தேதிக்கு முன்பே கெட்டுவிடும். தள்ளுபடிக்காக 300 மாத்திரை டப்பாவை வாங்கி ஓராண்டு திறந்து திறந்து மூடுவதைவிட, இரண்டு மாதத்தில் தீரும் சிறிய புட்டியை வாங்கிக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதே நல்லது.

அளவும் ஆபத்தும்

நலமுள்ள வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 250 மில்லிகிராம் இ.பி.ஏ., டி.எச்.ஏ. போதுமானது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் கருதுகிறது. மாத்திரை வழியாக 5 கிராம் வரை பாதுகாப்புக் கவலை எழவில்லை என்று 2012இல் அதே ஆணையம் அறிவித்தது. இவ்விரண்டுக்கும் நடுவே, 1 முதல் 2 கிராம் வரையிலான அளவே வீரர்களுக்குப் பொதுவாக நியாயமானது. அதற்கு மேல் செல்வதற்கு மருத்துவர் சொல்லும் தெளிவான காரணம் இருக்க வேண்டும்.

இப்படிச் சொல்வதற்குக் காரணம், 2012க்குப் பின் வெளிச்சத்துக்கு வந்த இதயத் துடிப்புச் சிக்கல். இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற நிலை, நாளுக்கு 4 கிராம் இ.பி.ஏ. மருந்து கொடுக்கப்பட்ட பெரிய ஆய்வொன்றில் மருத்துவமனைச் சேர்க்கை அளவில் 3.1 விழுக்காட்டினருக்கும், போலி மாத்திரை எடுத்தவர்களில் 2.1 விழுக்காட்டினருக்கும் ஏற்பட்டது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2021இல் வெளியான அலசல், நாளுக்கு 1 கிராமுக்கு மேல் எடுத்தவர்களிடம் இந்த ஆபத்து தெளிவாகக் கூடுவதைக் காட்டியது. அந்த ஆய்வுகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் நடுத்தர வயதைக் கடந்தவர்கள், இதய நோய் உள்ளவர்கள். இருபது வயதுக் கபடி வீரருக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. ஆனால் பல ஆண்டுகளாக மாரத்தான், நெடுந்தூர சைக்கிள் பயிற்சி செய்துவரும் நாற்பது ஐம்பது வயது ஆண்களுக்கு, மீன் எண்ணெய் இல்லாமலேயே இந்தத் துடிப்புக் கோளாறு மற்றவர்களைவிட அதிகமாக வருகிறது. நகரங்களில் பெருகிவரும் இந்த வயது ஓட்டக்காரர்களே இதயத்துக்கு நல்லது என்று நம்பிக் கைநிறைய மாத்திரை விழுங்குகிறார்கள் என்பது கவலைக்குரியது. படபடப்பு, துடிப்பு தவறுவது போன்ற உணர்வு, காரணமில்லாத மூச்சிரைப்பு ஆகியவை தென்பட்டால் மாத்திரையை நிறுத்திவிட்டு ஈ.சி.ஜி. எடுத்துப் பார்ப்பதில் தாமதம் கூடாது.

இரத்தக் கசிவு பற்றிய அச்சம் பரவலாக இருந்தாலும், வழக்கமான அளவில் அது பெரிதாக மெய்ப்படவில்லை. எனினும் வார்ஃபரின் போன்ற இரத்த உறைவுத் தடுப்பு மருந்து எடுப்பவர்களும், காயத்துக்கு நாள்தோறும் வலி மாத்திரை போடுபவர்களும், அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவர்களும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். மீன் ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். பாதரசம் பற்றிய கவலை மாத்திரையில் குறைவு; அது மீனின் புரதத்தோடு ஒட்டுவது, எண்ணெயோடு வருவதில்லை. கொழுப்பில் கரையும் டையாக்சின் போன்ற நச்சுகளே எண்ணெயில் தங்கக் கூடியவை. தரமான தயாரிப்பாளர்கள் மூலக்கூறு வடிப்பு என்ற முறையில் அவற்றை நீக்குகிறார்கள்.

மாத்திரைக்கு முன்னால் தட்டில் இருக்கும் மீனைப் பற்றிப் பேசாமல் இந்தக் கணக்கு முழுமையாகாது. கடலூரிலிருந்து குளச்சல் வரை மத்தி என்றும் சாளை என்றும் அழைக்கப்படும் மலிவான மீனில், கொழுப்பேறிய பருவத்தில் 100 கிராமுக்கு ஏறத்தாழ ஒரு கிராமோ அதற்கு மேலோ இ.பி.ஏ.வும் டி.எச்.ஏ.வும் இருக்கின்றன, கானாங்கெளுத்தியும் நல்ல ஆதாரம். வாரம் இருமுறை இவற்றைக் குழம்பாக வைத்து உண்பவருக்கு அன்றாட அடிப்படைத் தேவை நிறைவேறிவிடுகிறது, கூடவே புரதமும் கால்சியமும் வைட்டமின் டி-யும் கிடைக்கின்றன. எண்ணெயில் முறுகப் பொரிக்கும்போது மீனின் கொழுப்பு வெளியேறிச் சமையல் எண்ணெய் உள்ளே புகுந்துகொள்வதால் குழம்பே மேல். விளையாட்டு விடுதிகளின் வாரப் பட்டியலில் ஒரு வேளைக் கோழிக்குப் பதில் மத்தி இடம்பெற்றால் பல வீரர்களுக்கு மாத்திரையே தேவைப்படாது. மீன் உண்ணாதவர்களுக்கு நுண்பாசி எண்ணெய் மாத்திரை உண்டு. அது மீனுக்கே மூலமான பொருள் என்பதால் எந்த வகையிலும் தாழ்ந்தது அல்ல.

ஊக்கமருந்துச் சோதனைக்கு உட்படும் வீரருக்கு இன்னொரு பொறுப்பும் இருக்கிறது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான வாடாவின் தடைப் பட்டியலில் மீன் எண்ணெய் இல்லை. ஆயினும் தடைசெய்யப்பட்ட பொருள் கலந்த பவுடர்கள் தயாராகும் அதே ஆலையில், அதே இயந்திரத்தில் மாத்திரையும் அடைக்கப்பட்டால் கலப்படம் நேரலாம்; ‘கொழுப்பெரிப்பான்’ என்ற பெயரில் ஒமேகா-3யுடன் வேறு மூலிகைச் சாறுகளைக் கலந்து விற்கும் தயாரிப்புகளில் ஆபத்து இன்னும் அதிகம். உடலில் எது கண்டறியப்பட்டாலும் அதற்கு வீரரே பொறுப்பு என்பது விதி. வாடா எந்தத் துணை உணவுக்கும் சான்று வழங்குவதில்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் தயாரிப்பாளர் உரிமம் பெற்றவர் என்பதை மட்டுமே சொல்கிறது, ஊக்கமருந்துச் சோதனை நடந்ததாக அல்ல. தேசிய, மாநில அளவில் ஆடுபவர்கள் இன்ஃபார்ம்ட் ஸ்போர்ட், என்.எஸ்.எஃப். சர்டிஃபைட் ஃபார் ஸ்போர்ட் ஆகிய சுதந்திரச் சோதனை அமைப்புகளின் முத்திரை உள்ளதை மட்டுமே வாங்கி, புட்டியின் அடியில் அச்சிட்ட தொகுதி எண் அந்த அமைப்பின் இணையப் பட்டியலில் இருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். சோதனையின்போது நிரப்பும் படிவத்தில் முந்தைய ஏழு நாளில் எடுத்தவற்றின் வரிசையில் மீன் எண்ணெயையும் அதன் பிராண்ட் பெயருடன் எழுதிவிட வேண்டும். கடை ரசீதையும், அதே தொகுதியைச் சேர்ந்த திறக்காத ஒரு புட்டியையும் பருவம் முடியும் வரை பத்திரமாக வைத்திருப்பது அவசியம். மாதிரியில் ஏதேனும் கண்டறியப்பட்டு, அது கலப்படத்தால் வந்தது என்று வீரர் நிரூபிக்க வேண்டிய நிலை ஏற்பட்டால், சோதனைக்கூடத்துக்கு அனுப்பத் தகுந்த சான்றாக அந்தப் புட்டி அவர் கையில் இருக்கும்.